சோறு நம்முடையது, தண்ணீர் யாருடையது?

பஞ்சாபிகள் என்ன சாப்பிடுவார்கள்? வகுப்பில் யாரைக் கேட்டாலும் "சப்பாத்தி" என்றுதான் பதில் வரும். சரியான பதில்தான். கோதுமை ரொட்டி, குளிர்காலம் வந்தால் மக்காச்சோள ரொட்டியும் கடுகுக்கீரையும், கூடவே பருப்பு, மோர். சோறு எப்போதாவதுதான். அப்படியென்றால் அடுத்த கேள்வி. அந்த பஞ்சாபில் இன்று சுமார் 31 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைகிறதே, அதை யார் சாப்பிடுகிறார்கள்?

நாம்தான் நண்பர்களே! நாம் என்றால் ரேஷன் கடையில் பையை நீட்டி நிற்கும் இந்தியா முழுவதும். பஞ்சாபில் விளையும் நெல்லில் பெரும்பகுதியை அரசு கொள்முதல் செய்து மத்தியத் தொகுப்பில் சேர்க்கிறது. அங்கிருந்து கூட்ஸ் ரயிலில் ஏறி நாடெங்கும் போகிறது. விளைவிப்பவர் அதைச் சாப்பிடுவதில்லை, சாப்பிடுபவர் அந்த வயலைப் பார்த்ததில்லை.

உணவுப் பழக்கம் மாறினால் சுற்றுச்சூழல் மாறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எந்த ஊர்ச் சுற்றுச்சூழல்? வரலாற்றைப் புரட்டினால், சாப்பாடு ஓர் ஊரில் மாறுகிறது, மண்ணும் தண்ணீரும் வேறோர் ஊரில் மாறுகின்றன. பொருளாதாரப் பாடத்தில் 'புறவிளைவு' என்று ஒன்று படிக்கிறோமே, ஒருவர் செய்கிற காரியத்தின் செலவு சம்பந்தமே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவது, அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள் :-)

முதலில் பர்மா

இது பஞ்சாபில் தொடங்கிய கதை இல்லை. 1852இல் ஆங்கிலேயர்கள் கீழ் பர்மாவைப் பிடித்தபோது ஐராவதி ஆற்றின் கழிமுகம் பெரும்பாலும் சதுப்பு நிலக் காடும் உயரமான புல்லும்தான். நெல் விளைந்தது 7, 8 லட்சம் ஏக்கரில். 1930களின் நடுவில் அது சுமார் 87 லட்சம் ஏக்கர் ஆகிவிட்டது. எண்பது ஆண்டுகளில் பத்து மடங்குக்கு மேல்! அத்தனையும் காட்டை வெட்டி, கொளுத்தி, கரை போட்டு உண்டாக்கிய வயல்.

யாருக்காக? உள்ளூர் பர்மியர்களுக்கு அவ்வளவு அரிசி தேவையே இல்லை. முதலில் ஐரோப்பாவுக்குப் போனது, பிறகு இந்தியா பெரிய வாடிக்கையாளர் ஆனது. நம் சென்னை மாகாணத்துக்கும் ரங்கூன் அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அந்த வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் போன கூலியாட்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் ஏராளம். ஆக மெட்ராஸில் உலை கொதிக்க ஐராவதியில் காடு அழிந்தது. இங்கே யாரும் அதைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டார்கள். கடையில் அரிசி இருக்கிறதா, விலை என்ன, அவ்வளவுதான்.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. கப்பல் நின்றது. அடுத்த ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பர்மா அரிசி நின்றதுதான் ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. போர்க்கால அரசின் கொள்கை, பதுக்கல், விலையேற்றம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒரு பாடம் நாட்டின் மனதில் ஆழப் பதிந்தது. தூரத்து வயலை நம்பிச் சாப்பிடப் பழகினால், அந்த வயல் கைவிட்டுப் போகும் நாளில் உயிர் போகும். ரேஷன் முறை பரவலானதும் அந்தப் போர்க்காலத்தில்தான்.

கப்பலை எதிர்பார்த்த நாடு

சுதந்திரம் வந்தும் பசி போகவில்லை. 1954இல் அமெரிக்கா பி.எல். 480 என்ற சட்டத்தைப் போட்டது. தன்னிடம் மிஞ்சிக் கிடந்த தானியத்தை ஏழை நாடுகளுக்கு அவரவர் நாணயத்திலேயே விற்கலாம் என்பது அதன் சாரம். 1956இல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. 1965, 1966 இரண்டு ஆண்டும் அடுத்தடுத்து மழை பொய்த்தபோது, 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததில் எரிச்சலாக இருந்த அமெரிக்க அதிபர் ஜான்சன், கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கப்பலிலிருந்து இறங்குவது நேராக வாய்க்குப் போகிறது என்று அப்போது சொல்வார்களாம். எவ்வளவு பெரிய அவமானம் பாருங்கள்.

அப்போது உணவு அமைச்சர் நம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் சி. சுப்பிரமணியம். 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே தெரியுமா? தஞ்சாவூரில்! விவசாயிக்கு என்ன விலை கொடுப்பது என்று பரிந்துரைக்க ஒரு விலைக் குழுவும் அதே ஆண்டு வந்தது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை இறக்குமதி ஆனது. அந்த ரகங்களை உருவாக்கியவர் நார்மன் போர்லாக். இங்கே அவற்றை வயலுக்குக் கொண்டுபோனவர்களில் முன் நின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். 1965இல் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1968இல் 1 கோடியே 60 லட்சத்தைத் தாண்டியது. அரசு தபால்தலையே வெளியிட்டுக் கொண்டாடியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பசுமைப் புரட்சியை இன்று திட்டுவது சுலபம். வயிறு நிறைந்த பிறகு திட்டுகிறோம். அன்று முடிவெடுத்தவர்களின் மேஜையில் இருந்தது நிலத்தடி நீர் அறிக்கை இல்லை. அடுத்த கப்பல் எப்போது வரும் என்ற கவலை.

பஞ்சாப் நெல்லுக்கு மாறிய கதை

கோதுமை பஞ்சாபுக்குப் பழக்கமான பயிர், குளிர்காலப் பயிர். பிரச்சினை அதிலிருந்து தொடங்கவில்லை. கோதுமைக்காக ஆழ்துளைக் கிணறு வந்தது, உரம் வந்தது, மின்சாரம் வந்தது, கொள்முதல் மண்டி வந்தது. இவ்வளவும் இருக்கும்போது கோடையிலும் மழைக்காலத்திலும் நிலத்தை ஏன் சும்மா மக்காச்சோளத்துக்கும் கம்புக்கும் விட வேண்டும்? அதே சமயம் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐ.ஆர். 8 போன்ற குட்டைரக நெல் 1966இல் வெளிவந்தது. மத்திய அரசு ஆதரவு விலை கொடுத்து நெல்லை வாங்கவும் தயாராக இருந்தது. விவசாயி கணக்குப் போட்டார். மக்காச்சோளத்துக்கு விலை எப்படி இருக்கும் என்று தெரியாது, வாங்க ஆள் வருவாரா என்றும் தெரியாது. நெல்லுக்கு இரண்டும் உறுதி. நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம்? அதையேதான் அவர்களும் செய்தார்கள்.

1960-61இல் பஞ்சாபில் நெல் சுமார் 2.3 லட்சம் ஹெக்டேர். 1980-81இல் சுமார் 11.8 லட்சம். 2000-01இல் சுமார் 26 லட்சம். இன்று 31 லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. அறுபது ஆண்டுக்கு முன் லட்சக்கணக்கான ஹெக்டேரில் இருந்த கொண்டைக்கடலை இன்று அந்த மாநிலத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். பருப்பு பயிரிட்ட நிலத்தில் நெல் வந்தது. இன்று இந்தியா கனடா, ஆஸ்திரேலியா, மியான்மர் என்று பல நாடுகளிலிருந்து பருப்பு வாங்குகிறது!

பஞ்சாபின் சராசரி மழை ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான். தமிழ்நாட்டுக்கே 900க்கு மேல். போதாததற்கு அங்கே பல இடங்களில் மணல் கலந்த மண், ஊற்றுகிற தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் தண்ணீர் தேக்கி நெல் வளர்க்க வேண்டுமென்றால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 1970-71இல் சுமார் 1.9 லட்சமாக இருந்த ஆழ்துளைக் கிணறுகள் இன்று 14 லட்சத்துக்கு மேல். 1997இல் விவசாய மின்சாரம் இலவசம் ஆனது. (நாம் சிரிக்க வேண்டாம், தமிழ்நாட்டில் 1990லேயே ஆகிவிட்டது.) மீட்டர் இல்லாத மோட்டாரை யார் நிறுத்துவார்?

கம்பும் கேழ்வரகும் போன இடம்

இப்போது தட்டின் பக்கம் வருவோம். வானம் பார்த்த பூமி உள்ள மாவட்டங்களில் நம் தாத்தா பாட்டி தலைமுறை தினமும் சாப்பிட்டது கம்பஞ்சோறு, கேழ்வரகுக் களி, சோளச்சோறு, கூழ். நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கல், விருந்தாளி வந்த நாள். 'நெல்லுச்சோறு சாப்பிடுகிற வீடு' என்றால் வசதியான வீடு என்று பொருள். ஆகவே ரேஷனில் அரிசி வந்தது வெறும் கலோரி வந்தது மட்டுமில்லை. மரியாதை வந்தது. பண்ணையார் வீட்டில் வேகிற அதே சோறு கூலிக்காரர் வீட்டிலும் வெந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் "பாரம்பரிய உணவை விட்டுவிட்டார்கள்" என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

தமிழ்நாட்டு அரசியலே அரிசியைச் சுற்றித்தான் நடந்தது. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று தி.மு.க. சொன்னது. ஜெயித்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்துப் பார்த்து, செலவு தாங்காமல் நிறுத்தியது. பிறகு 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். நாடு முழுவதற்கும் 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரிசி 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் 1 ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். சிறுதானியம்தான் மலிவு. ஆனால் பெரும்பாலான கடைகளில் அது வரவே இல்லை, ஏனென்றால் அதை யாரும் பெரிதாகக் கொள்முதல் செய்யவில்லை.

விளைவு? 1962இல் ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாகச் சாப்பிட்ட சிறுதானியம் சுமார் 33 கிலோ. 2010இல் சுமார் 4 கிலோ. 1970-71இல் 1.7 கோடி ஹெக்டேருக்கு மேல் இருந்த சோளப் பயிர் இப்போது 40 லட்சத்தைச் சுற்றி வந்துவிட்டது. மழையை மட்டும் நம்பி விளையும் பயிரிலிருந்து, பாசனத்தை நம்பி விளையும் பயிருக்கு ஒரு நாடே தட்டை மாற்றிக்கொண்டது.

கணக்குப் பார்ப்போம்

வணிகவியல் படித்துவிட்டுக் கணக்குப் போடாமல் இருந்தால் எப்படி? பஞ்சாபில் 1 கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 5,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி, அத்தனையும் பஞ்சாப் அரிசி என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் தண்ணி லாரியில் எட்டு லாரிக்கு மேல்! 2019 கோடையில் சென்னையில் ஒரு லாரிக்காக எவ்வளவு நாள் காத்திருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படியுங்கள்.

இன்னொரு கணக்கு. நாசாவின் கிரேஸ் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பில் வரும் சிறு மாற்றத்தை வைத்து நிலத்தடி நீரை அளக்கின்றன. 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபர் வரை பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதியில் காணாமல் போன நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர் என்று 2009இல் வந்த ஆய்வு சொன்னது. இந்த எண் சட்டென்று புரியாது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது சுமார் 2.65 கன கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள். ஆறே ஆண்டில் 41 மேட்டூர் அணை! அந்தத் தண்ணீர் எல்லாமே நெல்லுக்குப் போனது என்று சொல்லவில்லை. கோதுமைக்கும் மற்ற பயிருக்கும்தான். ஆனால் அந்தப் பகுதியில் அதிகம் குடிக்கும் பயிர் எது என்பதில் சந்தேகம் இல்லை.

இன்று பஞ்சாபில் ஆண்டுக்கு ஊறுகிற நீரைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் எடுக்கிறார்கள். மாநிலத்தின் வட்டாரங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 'அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை' என்ற பட்டியலில் இருக்கிறது. வருமானத்தைவிட ஒன்றரை மடங்கு செலவு செய்து, மீதியை முதலிலிருந்து எடுக்கும் கம்பெனிக்கு நாம் என்ன பெயர் வைப்போம்? அந்தக் கம்பெனியின் லாபக் கணக்கில் நாம் சாப்பிடும் அரிசி வரவாக இருக்கிறது, தண்ணீர் செலவாக எழுதப்படவே இல்லை.

தண்ணீரிலிருந்து புகைக்கு

அரசு சும்மா இருக்கவில்லை. 2009இல் பஞ்சாப் ஒரு சட்டம் போட்டது. ஜூன் 10க்கு முன் யாரும் நாற்று நடக்கூடாது. மே மாத வெயிலில் நட்டால் பாதித் தண்ணீர் ஆவியாகிப் போகும், மழையை ஒட்டி நட்டால் மிச்சமாகும் என்பது நியாயமான யோசனை. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். அக்டோபர் கடைசியில் நெல் அறுத்து, நவம்பர் நடுவில் கோதுமை விதைக்க வேண்டும். இடையில் இரண்டு, மூன்று வாரம். அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் கொண்டுபோய்த் தாளை வயலில் நட்டபடி விட்டுவிடுகிறது. நம் ஊரில் வைக்கோல் மாட்டுக்குத் தீவனம். அங்கே மாட்டுக்குக் கோதுமைத் தவிடும் வைக்கோலும் இருக்கிறது, நெல் வைக்கோலுக்குத் தேவை குறைவு. ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோலை என்ன செய்வது? ஒரு தீக்குச்சிதான் மலிவான வழி.

அந்தப் புகைதான் நவம்பரில் காற்று அசையாத நாட்களில் டில்லி வரைக்கும் போகிறது. டில்லியின் சொந்த வாகனமும் தூசியும் தொழிற்சாலையும் அதில் சேர்கின்றன, விவசாயியை மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. தண்ணீரைக் காப்பாற்ற எடுத்த முயற்சி காற்றைக் கெடுக்க ஒரு காரணமானது என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. தேங்கிய நெல் வயலிலிருந்து வரும் மீத்தேன் இதில் சேராத தனிக் கணக்கு.

யார் மேல் தப்பு?

பஞ்சாப் விவசாயி மேலா? 1986லேயே எஸ்.எஸ். ஜோல் தலைமையிலான குழு, கோதுமை-நெல் நிலத்தில் 20 சதவீதத்தையாவது வேறு பயிருக்கு மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டது. மாற்றுப் பயிருக்கு உறுதியான விலையும் வாங்க ஆளும் இல்லாதபோது எப்படி மாற்றுவார்? 2020இல் வந்த வேளாண் சட்டங்களை எதிர்த்து அவர்கள் டில்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்ததற்குப் பின்னால் இருந்த பெரிய பயம், இந்தக் கொள்முதலும் போய்விடுமோ என்பதுதான்.

ரேஷன் வாங்கும் ஏழை மேலா? நிச்சயம் இல்லை. "நீங்கள் அரிசியை விட்டுக் கம்பு சாப்பிடுங்கள், பூமி பிழைக்கும்" என்று ஏசி அறையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதுவும் இன்று கடையில் பாக்கெட் போட்ட சாமை, குதிரைவாலி விலை சாதாரண அரிசியைவிட அதிகம்! ஒருகாலத்து ஏழைச் சாப்பாடு இன்று டயட் சாப்பாடு. தவிர, உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவினுடையது. நாம் நாளைக்கே அரிசியைக் குறைத்தாலும், கொள்முதலும் இலவச மின்சாரமும் அப்படியே இருந்தால், அந்த நெல் கிடங்குக்கோ கப்பலுக்கோதான் போகும். நிலத்தடி நீர் ஒரு அடிகூட ஏறாது.

ஆகவே என் வாதம் இதுதான். அறுபது ஆண்டுக்கு முன் நம் தட்டை மாற்றியது அறிவுரை இல்லை. கொள்முதலும் ரேஷன் கடையும் சேர்ந்து மாற்றின. திரும்பவும் மாற்றப் போவதும் அவைதான். 2018இல் வந்த ஓர் ஆய்வு, ஒவ்வொரு மாவட்டத்திலும் நெல்லுக்குப் பதில் அங்கே ஏற்ற மக்காச்சோளம், கேழ்வரகு, கம்பு, சோளம் இவற்றில் ஒன்றைப் போட்டால் தானியங்களுக்கான பாசன நீரில் 33 சதவீதம் மிச்சமாகும், இரும்புச்சத்தும் துத்தநாகமும் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்குக் காட்டியது. ஒடிசா 2017இல் சிறுதானிய இயக்கம் தொடங்கி, பழங்குடி மாவட்டங்களில் கேழ்வரகைக் கொள்முதல் செய்து ரேஷனிலும் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2023 மே மாதம் தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் விரும்பினால் 2 கிலோ கேழ்வரகு என்று ஆரம்பித்தார்கள். 'விரும்பினால்' என்ற அந்த ஒரு சொல் எனக்குப் பிடித்திருந்தது. நெல்லுச்சோறு கிடைத்த மரியாதையைப் பறிக்காமல், இன்னொன்றையும் தட்டில் வைக்கிறது.

பர்மாவில் காடு போனபோது நமக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பஞ்சாபில் தண்ணீர் போவது செயற்கைக்கோள் படம் முதல் அரசு அறிக்கை வரை எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர் வற்றுகிற நாளில் நஷ்டப்படப் போவது அங்கே கடன் வாங்கிக் கிணற்றை இன்னும் ஆழமாக்கும் விவசாயியும், இங்கே மாதம் பிறந்ததும் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் குடும்பமும்தான். காசு உள்ளவர்கள் அப்போதும் எங்கிருந்தாவது அரிசி வாங்கிக்கொள்வார்கள்.